கிளித்தூண் பக்கம் இறங்காத மூட்டை

ஒரு துணி மூட்டை கிழக்கே இறங்காமல் மேற்கே இறங்குகிறது என்பதற்காக ஒரு பெண்பிள்ளை வருஷக்கணக்கில் வயிறெரிய முடியுமா என்று கேட்பவர்கள் தாயாரம்மாளைப் பார்த்ததில்லை. வைகாசி நெருங்க நெருங்க அவள் வயிற்றிலிருந்து கிளம்பும் புகைக்குப் பெருங்களத்தூரில் கொசு அண்டாது என்று அவள் புருஷன் முனிரத்தினமே சொல்வார். நான் எதிர்ச் சந்தில் குடியிருந்தவள். இதில் பாதி கண்ணால் பார்த்தது, மீதி தாயாரம்மாளே சொன்னது. இரண்டிலும் சேராதது கொஞ்சம் இருந்தால் அதற்கு நான் பொறுப்பு.

மூட்டைக்கு முன்னால் சத்திரத்தைச் சொல்ல வேண்டும். ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து கூப்பிடு தூரம் உள்ளே தள்ளி நிற்கிறது அது. வாசல் கல்லில் பெரிய மனுஷர் ஒருவர் பெயர் வெட்டியிருக்கிறது. ஊருக்கு அது சக்களத்திச் சத்திரம். ரயில் வராத காலத்தில், மதுராந்தகத்து நெல்லை மதராசுக்கு வண்டியேற்றிச் செல்வம் சேர்த்த ஒருவர் கட்டியது. அவருக்கு இரண்டு சம்சாரம். மூத்தவள் பாலாம்பாள், இளையவள் அஞ்சம்மாள். வழிப்போக்கருக்குச் சத்திரம் கட்டினால் புண்ணியம் என்று அவர் வாயைத் திறந்ததும், அந்தப் புண்ணியத்தில் பாதி எனக்கு என்றாள் இளையவள். பாதியா, அவளுக்கு எதற்குப் பாதி என்றாள் மூத்தவள். மனுஷர் கல்தச்சரைக் கூப்பிட்டு, "கட்டடத்தை நடுவில் கோடு போட்டுக் கட்டு" என்று சொல்லிவிட்டு வியாபாரத்துக்குப் போய்விட்டார்.

அந்தக் கோடு இன்றும் தெரியும். வாசல் வடக்கே பார்க்கும். மதராசிலிருந்து வருகிறவனை முகம் பார்த்து அழைக்க வேண்டுமல்லவா? வாசலின் இரண்டு பக்கமும் மாடு தண்ணீர் குடிக்கக் கல்தொட்டி, ஆளுக்கு ஒன்று. உள்ளே நுழைந்தால் கருங்கல் பாவிய முற்றம். கிழக்கே ஒரு தாழ்வாரம், மேற்கே ஒரு தாழ்வாரம், தெற்கே அக்கம்பக்கமாக இரண்டு மடைப்பள்ளி. முற்றத்தின் நடுவில் கிணறு ஒன்றுதான். இரண்டு கிணறு தோண்டினால் ஊற்று எந்தக் கிணற்றில் அதிகம் என்று கேள்வி வரும் என்பதால் ஒரே கிணறு, அதற்கு இரண்டு ராட்டினம்.

மூத்தவள் என்பதால் பாலாம்பாள் முதலில் தேர்ந்தெடுத்தாள்; சூரியன் உதிக்கிற கிழக்கை எடுத்துக்கொண்டாள். கிழக்குத் தூண்களில் கிளி செதுக்கினார் தச்சர், மேற்குத் தூண்களில் அன்னம். கிளி பேசும், அன்னம் பேசாது, அப்படியானால் நான் ஊமையா என்று இளையவள் உலக்கையைத் தூக்கிக்கொண்டு வர, தச்சர் உயிருக்குப் பயந்து ஒவ்வொரு அன்னத்தின் வாயையும் கொஞ்சம் திறந்துவிட்டார். போய்ப் பாருங்கள், மேற்குத் தாழ்வாரத்து அன்னங்கள் எல்லாம் கொட்டாவி விட்டுக்கொண்டுதான் இருக்கும்.

கூரை தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்டது. சுவர்ப் பூச்சில் கடுக்காய்த் தண்ணீரும் முட்டை வெள்ளைக்கருவும். அவள் பக்கத்துக்கு ஒரு கூடை முட்டை என்றால் இவள் பக்கத்துக்கு ஒன்றரை. அந்த வருஷம் முடிச்சூர் முதல் வண்டலூர் வரை ஒரு குஞ்சு பொரிக்கவில்லை. சேவல்கள் எல்லாம் மனம் வெறுத்துக் குன்றத்தூர் மலையேறி முருகனிடம் முறையிட்டன என்று கேள்வி.

கட்டி முடித்தும் சண்டை தீரவில்லை. இவள் தன் தூணில் ஒரு முழம் பூ கட்டினால் அவள் இரண்டு முழம் கட்டுவாள். இவள் வாழை கட்டினால் அவள் தென்னையையே சாய்த்துக் கட்டுவாள். கடைசியில் எஜமானர் வாசல் கல்லில் வெட்டி வைத்தார்: இந்தத் தர்மத்தில் தூணில் கயிறு கட்டலாகாது, முற்றத்தில் பந்தக்கால் நடலாகாது, மீறினவர் வம்சம் விளங்காது. இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதனால்தான் பின்னாளில் தாயாரம்மாளால் ஒரு தட்டிகூடக் கட்ட முடியாமல் போயிற்று, ஒரு கீற்றுப் பந்தல்கூடப் போட முடியாமல் போயிற்று.

ரயில் வந்தது, பஸ் வந்தது, வழிப்போக்கர் குறைந்தார்கள். சத்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உள்ளூர்க் குடும்பம் ஒன்றுக்கு வந்து, எண்பதுகளில் அண்ணன் தம்பி இருவர் கையில் நின்றது. அண்ணன் முனிரத்தினம், தம்பி துரைராஜ். அண்ணன் பெண்டாட்டி தாயாரம்மாள், தம்பி பெண்டாட்டி பொன்னியம்மாள். பாகம் பிரித்தபோது சத்திரத்தை ஒட்டிய மனைகள் இரண்டு பக்கமும் அண்ணனுக்கு, ஸ்டேஷன் பக்கத்து நிலம் தம்பிக்கு. சத்திரத்தில் குடியிருக்க எந்தப் பக்கம் வேண்டும் என்று மாமியார் கேட்டபோது தாயாரம்மாள் கண் இமைக்கவில்லை.

"மூத்தவ பக்கம். கெழக்கு."

அங்கேதான் தப்பு நடந்தது. ஆனால் அது தெரிய ரொம்ப நாளாயிற்று.

வருஷத்தில் ஒரு நாள் அந்தச் சத்திரம் மறுபடி சத்திரமாகும். நரசிம்ம ஜயந்திக்குச் சைதாப்பேட்டையிலிருந்து சிங்கப்பெருமாள் கோவிலுக்கு ஒரு நெசவுக்காரக் கோஷ்டி நடந்துவரும். விடியலில் கிளம்பி, அக்கினி வெயிலில் நடந்து, பிற்பகலில் இங்கே வந்து விழுவார்கள். வெயில் தணிந்ததும் மறுபடி நடை. கோஷ்டிக்குத் தலைவர் ஏகநாதன்; நெற்றி நிறைய நாமம், தோளில் மஞ்சள் துணி மூட்டை, அதற்குள் நரசிம்மர் படம். வழக்கம் இது: அவர் மூட்டையை எந்தத் தாழ்வாரத்தில் இறக்குகிறாரோ அந்தப் பக்கத்துப் பெண்தான் முதல் பானகம் ஊற்ற வேண்டும். மறுநாள் காலை கோவிலில் அவள் பெயருக்குத்தான் அர்ச்சனை.

பாகம் பிரித்த நாள் முதல் அந்தக் கோவிலில் பொன்னியம்மாள் பெயர்தான் கேட்டுக்கொண்டிருந்தது. இளையவள் பெயர், அதுவும் பெருமாள் காதில், வருஷா வருஷம்! பெருமாளுக்கு இந்தச் சத்திரத்தில் மூத்தவள் ஒருத்தி இருப்பதே தெரியாமல் போய்விடுமே என்று தாயாரம்மாள் வெந்து போனாள்.

செய்யாததில்லை. புதுப்பாய் விரித்தாள். சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டு, ரோட்டு வரைக்கும் மணக்கப் பானகம் கரைத்தாள். ஏகநாதன் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சி, "ஆகா" என்று சொல்லிவிட்டு, நேரே மேற்கே போய் மூட்டையை இறக்கினார்.

எண்பத்தஞ்சில் வண்டலூருக்கு மிருகக்காட்சி சாலை வந்தது. அதற்கப்புறம் ஒரு வருஷம், கோஷ்டி சத்திர வாசலில் நிற்கிறது, தெற்கே சிங்கம் ஒன்று கர்ஜித்தது பாருங்கள், கிணற்றுத் தண்ணீர் ஒரு படி ஏறி இறங்கியது. கோஷ்டி முழுதும் கோவிந்தா என்று தரையில் விழுந்தது.

"சாமி! சத்தம் என் தூண்லருந்து வந்துச்சு சாமி! நானே கேட்டேன்!" என்று தாயாரம்மாள் ஓடினாள்.

ஏகநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நரசிம்மருக்கு எல்லாத் தூணும் ஒண்ணுதாம்மா" என்றார். மேற்கே போய் மூட்டையை இறக்கினார்.

"எல்லாத் தூணும் ஒண்ணுன்னா என் தூணுக்கு இன்னா கேடு?" என்று அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள். முனிரத்தினம் சாப்பிடாமலே டீக்கடைக்குப் போய்விட்டார்.

பிறகுதான் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. பொன்னி எதையோ புதைத்து வைத்திருக்கிறாள். தகடோ, முடிச்சோ. பொன்னியம்மாள் வளைகாப்புக்குக் கூடுவாஞ்சேரி போன நாளாகப் பார்த்து, கடப்பாரையை எடுத்துக்கொண்டு மேற்கே போனாள். கயிறு கட்டக் கூடாது என்றுதானே கல்லில் இருக்கிறது, தோண்டக் கூடாது என்று இல்லையே! முதல் அன்னத்தூணின் அடியில் ஒரு கருங்கல் பலகையை நெம்பிப் பெயர்த்தாள். மண்ணைத் தோண்டினாள். ஒரு மண்புழுவும் ஓர் உடைந்த ஓடும் கிடைத்தன. பெயர்த்த பலகை திரும்ப உட்காரவில்லை. எப்படி வைத்தாலும் ஒரு மூலை தூக்கிக்கொண்டு நின்றது.

பொன்னியம்மாள் வந்து பார்த்தாள்.

"இன்னாக்கா இது, பள்ளம்?"

"பூனை தோண்டிச்சு."

"பூனை கடப்பாரையத் தூக்கினு வந்துச்சா?"

"எனக்கின்னாடி தெரியும்? உன் பக்கத்துப் பூனை."

பொன்னியம்மாள் சிரித்துவிட்டாள். அவளுடைய கெட்ட குணமே அதுதான். எதற்கும் சிரிப்பாள். பள்ளம் வீணாவானேன் என்று அதில் ஆற்று மணலைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, வயிறு பெருத்த மண்பானை ஒன்றை இறக்கி வைத்தாள். வெட்டிவேர் போட்டாள். அடுத்த வைகாசியில் ஏகநாதன் ஒரு செம்பு வாங்கிக் குடித்துப் பல் கூசிக் கண்ணை மூடினார். "பொன்னியம்மா, அமிர்தம்! போன வருஷம் இது இல்லியே!" என்றார்.

தாயாரம்மாள் கிழக்கே நின்றுகொண்டிருந்தாள். தன் கையால் தோண்டிக் கொடுத்த பள்ளம்! அன்றைக்கு அவள் முகத்தில் அப்பளம் சுட்டிருக்கலாம்.

கோஷ்டி கிளம்பிப் போனதும் பொன்னியம்மாள் பானகச் சொம்பை எடுத்துக்கொண்டு முற்றம் தாண்டி வந்தாள்.

"அக்கா, வருசா வருசம் நீ இப்டி மூஞ்சத் தூக்கினு கீற. பேசாம நாம மாத்திக்கலாம். நீ மேக்கால வா. நான் கெழக்கால போறேன்."

"ஏன், என் பக்கத்துல இன்னா கொறைச்சல்?"

"கொறைச்சல் ஒண்ணுமில்லக்கா. வெயிலு. மத்தியானத்துக்கு மேல மேக்கு வெயிலு நேரா உன் தாழ்வாரத்துல வந்து குந்திக்குது. பாவம், காலு சுட்டு வர்றவங்க. என் பக்கம் நெழலு. அவ்ளோதான்."

தாயாரம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். இத்தனை வருஷமும் தெரிந்துகொண்டே சொல்லாமல் இருந்திருக்கிறாள்! அதைவிட, மூத்தவள் கிழக்கை விட்டு எழுந்து மேற்கே போவதா? பாலாம்பாள் கல்லுக்குள்ளிருந்து எழுந்து வந்து அறைய மாட்டாளா?

"உன் பிச்சை எனக்கு வாணாம். போடி."

இதையே முனிரத்தினம் பாகம் பிரித்த புதிதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். புருஷன் சொன்னால் காதில் ஏறாது. எதிரி சொன்னால்தான் ஏறும். அன்றிலிருந்து தாயாரம்மாளின் சண்டை பொன்னியோடு பாதி, சூரியனோடு பாதி. தட்டி கட்டத் தூண் இடம் கொடுக்காது, பந்தல் போட முற்றம் இடம் கொடுக்காது. சூரியனுக்கும் தனக்கும் நடுவில் என்னதான் வைப்பது என்று நெடுநாள் யோசித்தாள்.

தொண்ணூறுகளில் பெருங்களத்தூருக்கு அடுக்குமாடி வந்தது. வேலிகாத்தான் மண்டிக் கிடந்த காலி மனைகளுக்கெல்லாம் மவுசு. சத்திரத்தின் மேற்குச் சுவரை ஒட்டிய மனையைக் கேட்டுப் பத்ரிநாராயணன் என்ற இன்ஜினீயர் வந்தார். முனிரத்தினம் தயங்கினார். அது கேழ்வரகு விளைந்த நிலம். தாயாரம்மாள் உள்ளிருந்து காபியோடு வந்தாள்.

"எத்தினி மாடி சார் போடப் போறீங்க?"

"கிரவுண்ட் பிளஸ் ஒன் அம்மா. ரொம்ப டீசன்ட்டா இருக்கும்."

"பத்தாது."

"எதுக்கும்மா பத்தாது?"

"நாலு போடுங்க."

பத்ரிநாராயணன் காபியைக் கீழே வைத்தார். மனை விற்கிறவர்கள் விலையைத்தான் உயர்த்தச் சொல்லிக் கேட்டிருக்கிறார். மாடியை உயர்த்தச் சொல்லிக் கேட்டதில்லை. "அம்மா, இந்த ஏரியால மேல் ஃப்ளோருக்கு டிமாண்டே இல்லம்மா. லிஃப்ட் இல்லாம யார் ஏறுவா?"

"ஆள நான் புடிச்சுத் தர்றேன். நாலு மாடின்னா மனை. இல்லன்னா வேலிகாத்தான் அப்டியே கெடக்கட்டும்."

பிடித்தும் கொடுத்தாள். தாம்பரம் மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்குகிற இடத்தில் வீடு விற்றாள். மேல்மாடிக் காற்றுக்கு ஆஸ்துமா நின்றுவிடும் என்றாள், சிங்கம் உலாவுவது தெரியும் என்றாள், வானம் சுத்தமாக இருந்தால் மகாபலிபுரத்துக் கடல்கூடத் தெரியும் என்றாள். கடைசி மாடியைச் சாராள் டீச்சர் வாங்கினாள். மாதாகோவில் பக்கத்தில் வாடகைக்கு இருந்தவள், சாதுவானவள், கடலை நம்பி வாங்கிவிட்டாள்.

அந்த வைகாசியில் கட்டடம் பாதிதான் எழும்பியிருந்தது; சாரம் மட்டும் நாலு மாடி உயரத்துக்கு நின்றது. கோஷ்டி வழக்கம் போல மேற்கே இறங்கியது. மறுநாள் அதே நேரத்துக்குத் தாயாரம்மாள் முனிரத்தினத்தைக் கறுப்புக் குடையோடு மேலே ஏற்றினாள். கொத்தனார்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். நானும் சந்தில் நின்று பார்த்தேன்.

கிழக்குத் தாழ்வாரத்திலிருந்து அவள் குரல்: "இன்னும் கொஞ்சம் சோத்தாங்கைப் பக்கம்!"

சாரத்தின் உச்சியிலிருந்து அவர் குரல்: "விழுந்துடுவேன்டி!"

"குடையத் தூக்கிப் புடிச்சினு விழு!"

கட்டடத்தின் நிழல் கிணற்றுக்கு மேற்கேயே நின்றுவிட்டது. நாலு மாடி ஏறினாலும் அந்த நேரத்துக்குக் கிழக்குத் தாழ்வாரத்தை எட்டாது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. ஆனால் அவர் குளிர்காய்ச்சல் வந்தவர் போல நடுங்கிக்கொண்டே ஒரு மூங்கில் கழியில் குடையைக் கட்டி உயரத் தூக்கினபோது, கிளித்தூணின் காலடியில் ஒரு வட்ட நிழல் வந்து உட்கார்ந்தது. மூட்டை வைக்கிற அளவு நிழல்!

பத்ரிநாராயணனுக்கு ஆள் போனது. தண்ணீர்த் தொட்டியை நடுவில் வைக்கக் கூடாது, குடை நின்ற மூலையில்தான் வைக்க வேண்டும், அதுவும் கால் உயர்த்தி வைக்க வேண்டும். ஏன் என்று அவர் கேட்கவில்லை. "உயரமா இருந்தா பிரஷர் நல்லா வரும், கரெக்ட்தான்" என்று தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார்.

அடுத்த வைகாசி வந்தது. தாயாரம்மாள் கிளித்தூணைச் சாணிபோட்டு மெழுகாத குறையாகக் கழுவினாள். கோஷ்டி வாசலில் நின்றது. ஏகநாதன் புது மாடியை அண்ணாந்து பார்த்தார், மேற்கே பார்த்தார், கிழக்கே பார்த்தார். சுட்டெரிக்கிற தாழ்வாரத்தில், ஒரே ஒரு தூணடியில் மட்டும், கோலம் போட்டு வைத்தது போலச் சதுரமாக ஒரு நிழல். அவருக்கு ரோமம் சிலிர்த்துவிட்டது.

"பெருமாளே இடம் போட்டு வெச்சிருக்காரு" என்றார். போய் மூட்டையை அங்கே இறக்கினார்.

தாயாரம்மாள் ஓடிவந்து ஊற்றினாள். பானகம் பாதி டம்ளரில், பாதி அவர் காலில். "அர்ச்சனைக்குப் பேரு சொல்லும்மா" என்று அவர் கேட்டபோது ஊருக்கே கேட்கச் சொன்னாள்: "தாயாரம்மா! பூரம்! மூத்த மருமவ!"

சொல்லிவிட்டு முற்றத்துக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். இத்தனை வருஷம் காத்திருந்ததே அந்த ஒரு பார்வைக்குத்தான். பொன்னி முகம் கறுக்க வேண்டும். உதட்டைக் கடிக்க வேண்டும். ஒரு பொட்டாவது கண்ணீர் வர வேண்டும்.

மூட்டை கிழக்கே இறங்கினாலும், நிழல் மூட்டைக்கு மட்டும்தானே போதும்? ஆட்கள் எல்லாம் மேற்கே போய்ப் பானைத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கிடந்தார்கள். அவர்களுக்கு நடுவே பொன்னியம்மாளும் முந்தானையை விரித்துச் சுருண்டு படுத்திருந்தாள். "அப்பாடா, இந்த வருசம் அக்கா பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப் போனாளாம். குறட்டை வேறு. மேலே அன்னங்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தன.

மறுநாள் விடிந்ததும் தாயாரம்மாள் பஸ் ஏறிச் சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போனாள். குடைவரைக்குள் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நின்று தன் பெயரைக் கேட்டாள். பட்டர் அதை ஒரே மூச்சில், கோத்திரங்களுக்கும் நட்சத்திரங்களுக்கும் நடுவில், கடுகு பொரிகிற வேகத்தில் சொல்லி முடித்துவிட்டார். இருந்தாலும் கேட்டாள். மலையை ஒரு சுற்றுச் சுற்றி, துளசியும் பிரசாதமும் வாங்கி, பொன்னி முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும் என்று பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாள்.

பொன்னியம்மாள் சத்திரத்தில் இல்லை. மேற்குச் சுவருக்குப் பின்னால் குரல் கேட்டது. போய்ப் பார்த்தாள்.

புது மாடி வீடுகளின் பால்கனிகள் எல்லாம் நேரே சத்திரத்தில் பொன்னி பக்கத்துப் பின்வாசலைப் பார்த்து இருந்தன.

"பொன்னியக்கா! ரெண்டு கொத்து கறிவேப்பிலை!" என்று இரண்டாவது மாடி.

"பொன்னி ஆன்ட்டி, உங்க பானைத் தண்ணி ஒரு பாட்டில்!" என்று மூன்றாவது மாடி.

கடைசி மாடியிலிருந்து சாராள் டீச்சர் கயிற்றில் ஒரு கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள். கூடைக்குள் சுடச்சுடக் கேக். "பொன்னியக்கா, முதல் துண்டு உங்களுக்குத்தான்!" என்றவள், சந்தில் பிரசாதத்தோடு நிற்கிற தாயாரம்மாளைப் பார்த்துவிட்டாள். "தாயாரம்மா! நீங்க நல்லா இருக்கணும்! கடல் தெரியலேன்னா என்ன, இப்படி ஒரு பக்கத்து வீடு யாருக்குக் கிடைக்கும்! நீங்க சொல்லலேன்னா நாங்க யாருமே வந்திருக்க மாட்டோமே!"

நான்கு மாடியும் ஆமாம் ஆமாம் என்றது.

"அக்கா, வந்துட்டியா! கேக்கு துன்றியா?" என்று பொன்னியம்மாள் சிரித்தாள்.

கோவிலில் அவள் பெயர் கடுகு பொரிகிற நேரம். இங்கே பொன்னி பெயர் காலை முதல் விளக்கு வைக்கிற வரை. அதுவும் அவளே தேடிப் பிடித்து, கெஞ்சி, மாடி மாடியாக ஏற்றி வைத்த வாய்கள்! தாயாரம்மாள் பிரசாதத்தைப் பொன்னி கையில் திணித்துவிட்டு விடுவிடுவென்று திரும்பி நடந்தாள்.

அன்று சாயங்காலம் முனிரத்தினம் சோற்றில் கை வைத்தபோது கேட்டாள்:

"அந்த இன்ஜினீரு இப்ப எங்க கீறாரு?"

"ஏன்?"

"ஒண்ணுமில்ல. கெழக்கால புளியமரத்து மனை சும்மாதானே கீது. பால்கனி எந்தப் பக்கம் வைக்கணும்னு இந்தத் தபா நான் சொல்றேன்."

முனிரத்தினம் சோற்றை அப்படியே விட்டார். எழுந்து கை கழுவினார். மூலையில் சாத்தியிருந்த கறுப்புக் குடையை எடுத்துப் பரணில் பழைய பாய்களுக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டு வந்து மறுபடி சாப்பிட உட்கார்ந்தார்.